பின்விளக்கு பொய் சொல்லாது

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் நெருப்பை வைத்துவிட்டுத் தன் வீட்டில் கால் நீட்டிப் படுப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லி அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார். கேட்டுவிட்டேன். பதிலை அவருக்கே எழுதவும்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் பண்ணினால் நீங்கள் சிரிக்கிறீர்கள். மெசேஜில் மூன்று திரை நீளத்துக்கு நியாயம் கேட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். கட்டைவிரல்! அதனால்தான் காகிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, "சரிடா மாப்ளே, அப்புறம் பேசலாம்" என்று பாதியில் வைக்கவும் முடியாது. கிழித்துப் போடலாம், அத்தை பொறுக்கி ஒட்டிப் படிப்பார், எனக்குத் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் கார்ச் சாவி ஒரு வாரமாக அம்மாவிடம் இருக்கிறது. கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். பிரேக் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் இஞ்சினியரான நான், தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அந்த டிரைவர் போடும் ஒவ்வொரு பிரேக்குக்கும் மனதுக்குள் மார்க் போட்டபடி வேலைக்குப் போகிறேன். நேற்று அவருக்குப் பத்துக்கு இரண்டு. இத்தனைக்கும் காரணம் நீங்கள், நீங்கள் அனுப்பிய படம். ஆகவே உங்கள் அக்காவிடம் சொல்லிச் சாவியை எனக்கு வாங்கித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. நான் கேட்பது அது ஒன்றுதான். இதில் மீதி உள்ளதெல்லாம் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே குழி வெட்டினீர்கள். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் செய்தது என்னவென்று உங்களுக்கு உறைக்கும். டயர் கடை மாடியில் ஒரு அறை. படியேறும்போதே ரப்பர் வாடை அடிக்கும். பழைய கார் பைத்தியங்கள் அங்கே கூடுகிறோம். யார் யார் வீட்டுப் பெட்டியிலோ கிடந்த பழைய புகைப்படங்களைப் புரொஜெக்டரில் வைத்துச் சுவரில் பெரிதாக்கிக் காட்டி, அதில் நிற்கிற கார் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. சில படத்தில் முழு வண்டியும் நிற்கும். சில படத்தில் ஒரு கூட்டத்தின் கால்களுக்கு நடுவே வீல் கப்பில் கால்வாசி தெரியும். கால்வாசி எனக்குப் போதும். ஒருமுறை ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில் பிரதிபலித்த பம்பர் நுனியை வைத்து மாடலையும் வருஷத்தையும் சொன்னேன். எங்கள் பிரசிடென்டான பல் டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த மாதிரி மரியாதை இருந்தது எனக்கு. இருந்தது.

அங்கே ஒரு விதி உண்டு. படத்தில் இருக்கும் ஆட்களின் தலையையும் வண்டியின் நம்பரையும் கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்த பிறகுதான் படத்தைச் சுவரில் போடுவோம். காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒருவர், பின்னால் நின்ற வேனைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, முன்னால் நின்ற ஆளைத் தன் தங்கை புருஷன் என்று கண்டுபிடித்தார். பக்கத்தில் தோளில் கை போட்டு நின்றது தன் தங்கை இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். படத்தைக் கொண்டுவந்தது அந்தத் தங்கை புருஷனின் நண்பர். அன்றைக்கு இரண்டு நாற்காலி உடைந்தது. மறுவாரமே விதியை முன்மொழிந்தவன் நான். "ஆளைப் பாக்காதீங்க, வண்டியப் பாருங்க" என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான். மனுஷன் போட்டோவுக்கு நிற்கும்போது வயிற்றை உள்ளே இழுப்பான், பிடிக்காதவன் தோளில் கை போடுவான், இல்லாத பல்லைக் காட்டிச் சிரிப்பான். பின்விளக்கு அப்படிச் செய்யாது. அதன் வடிவம் எந்த வருஷத்தில் அச்சில் வார்த்தார்களோ அந்த வருஷத்தைத்தான் சொல்லும். பின்விளக்கு பொய் சொல்லாது. இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன், உங்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொன்னேன், அத்தை வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

இனி சாவிக்கு வருகிறேன். வண்டி வாங்கி ஆறு மாசம் ஆகிறது. வாங்கிய மறுநாளே அம்மா கையை நீட்டினாள்.

"சாவி குடுடா."

"எதுக்கு? எங்க போகணும்? சொல்லு, நான் கொண்டு போய் விடறேன்."

"எங்கயும் போகணும்னு இல்ல. ஓட்டணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? போக இடமில்லாதவருக்கு எதற்கு வண்டி? "நான் அந்தக் காலத்துலயே ஓட்டினவடா" என்றாள். எல்லா வீட்டு அம்மாக்களும் அந்தக் காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர்கள்தான், பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர்கள்தான். கோப்பையை மட்டும் யாரும் காட்டியதில்லை. நான் அப்படிச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், படித்தவன் பேச வேண்டிய முறையில், கிராஃப் வரைந்தும் காட்டினேன். ஆபத்தைக் கண் பார்ப்பதற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது, வயசு ஏற ஏற அது எப்படிக் கூடுகிறது என்று. அம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே ரிட்டயர் ஆனவள், எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித்தான் பார்ப்பாள். அப்படியே தூக்கிப் பார்த்துவிட்டு, "கோடு கோணலா இருக்கு. ஸ்கேல் வச்சுப் போடு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, லைசென்ஸ் வேணுமே?" என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று பார்த்தேன். உள்ளே போய் எடுத்துவந்து நீட்டினாள். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு எடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று புதுப்பித்திருக்கிறாள். வீட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லாத வருஷங்களிலும்.

"வண்டியே இல்லாம இத எதுக்கும்மா புதுப்பிச்சே?"

"தேதி போயிடக்கூடாதுல்ல?"

அந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறப்பீர்கள். தோன்றியது. அட்டை வேறு, ரோடு வேறு என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும்விட்டேன். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. நானும் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். முடியவில்லை, அன்று சாயந்திரமே உங்களுக்குப் போன் போயிருக்கிறது என்பது இப்போதுதானே தெரிகிறது. அக்காவும் தம்பியும் ஆறு மாசமாக என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறீர்கள். என்ன பொறுமை! என் டிபார்ட்மென்டில் இந்தப் பொறுமை பாதி பேருக்கு இருந்தால் எத்தனையோ வேலை நடக்கும்.

சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வரலாம். "இந்தத் தடவ நானும் வரேன்" என்று அம்மா தானாகவே சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன் மாமா. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற மகன் நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க வருகிறாள் என்று நினைத்து, நானே கதவைத் திறந்து வண்டியில் ஏற்றி, மாடிப்படியில் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கடைசி வரிசையில், விற்காத டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "முன்னாடி வாம்மா" என்றேன். "இங்கேயே நல்லாத் தெரியுது" என்றாள்.

கடைசிப் படம் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் போட்டிருக்கவில்லை, 'ஒரு பழைய பயணி' என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய பயணி! அந்த எழுத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், கோழி கிளறின மாதிரி. படத்தைச் சுவரில் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. ஒரு மோரிஸ் மைனர், பின்பக்கமாக, கொஞ்சம் சாய்வாக. ஓட்டுகிறவர் தலையும் பின் சீட்டில் இருப்பவர் தலையும் காகிதத்துக்குள். நான் எழுந்தேன். மோரிஸ் மைனர் என்று குழந்தைகூடச் சொல்லும். பின்கண்ணாடி சின்னது, ஆகவே ஐம்பத்தாறுக்கு முந்தியது. கதவுத் தூணில், திரும்பும்போது கைகாட்டி வெளியே நீளுமே, அந்தப் பிளவும் இருக்கிறது, அதுவும் சரி. ஆனால் பின்விளக்கு? அந்த வண்டிக்குச் சட்டைப் பொத்தான் மாதிரி சின்ன உருண்டை விளக்குதான் இருக்க வேண்டும். படத்தில் இருந்ததோ உள்ளங்கை நீளத்துக்கு நட்டமாக நிற்கிறது, மேல்பாதி வெளுப்பு, கீழ்ப்பாதி இருட்டு. அது வேறு ஒரு கம்பெனியின் சரக்கு வேனுடைய விளக்கு, வந்ததே அறுபதுகளின் கடைசியில். ஐம்பத்து நாலாம் வருஷப் படத்துக்குள் அது எப்படி வந்து உட்காரும்? காலம் என்ன ரிவர்ஸ் கியரிலா போகிறது? இப்படிக் கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தவிர, படம் வேறு கலங்கலாக இருந்தது. "வெட்டி ஒட்டின இடம் தெரியக்கூடாதுன்னு வேணும்னே கலக்கியிருக்கான்" என்றேன். அதற்கும் தட்டினார்கள்.

எங்களில் ஒருவருக்குச் சைலன்சர் என்று பட்டப்பெயர், வாய் ஓயாத மனுஷன் என்பதால். அவர் எழுந்து, "தம்பி, ஓட்டறது பொண்ணு மாதிரியில்ல இருக்கு? கைய வெளிய வச்சிருக்கு பாருங்க. வாட்ச்சை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கு" என்றார்.

நான் அவருக்குச் சுவரைக் காட்டினேன். "சார், அங்க என்ன எழுதியிருக்கு? ஆளைப் பாக்காதீங்க, வண்டியப் பாருங்க."

வாட்ச்சை உள்பக்கமாகத் திருப்பி, அதுவும் வலது கையில், நோயாளி தோலில் கீறிவிடக்கூடாது என்று கட்டுகிற ஒரே ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தக் கைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே தீர்ப்பைச் சொன்னேன். "இது மோசடிப் படம். இத அனுப்பினவன் ஒரு ஃபிராடு. காரைப் பத்தி ஆனா ஆவன்னா தெரியாத ஃபிராடு." அது உங்களைத்தான் மாமா. தெரியாமல் சொன்னேன். இப்போது தெரிந்தே இன்னொரு முறை எழுதியிருக்கிறேன்.

பல் டாக்டர் படத்தை எடுக்கக் கையை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எக்ஸ்ரே அறைக் குரல். பெரிய பெரிய ஆட்களெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு அடங்கி நின்ற குரல்.

"அசையாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

டாக்டர் அசையவில்லை. அம்மா நடந்து வந்தாள்.

"அது நான்தான்."

"அம்மா, இது சங்கம். கொஞ்சம் சும்மா இரேன்."

"ஆறு மாசமாச் சும்மாதான்டா இருந்தேன்."

சொல்லிவிட்டுப் புரொஜெக்டரில் இருந்த படத்திலிருந்து நகத்தால் காகிதத்தை நோண்டி எடுத்தாள். முதல் காகிதம் போனது: சுவர் உயரத்துக்கு அம்மா. என்னைவிடச் சின்ன வயசு. பின்னால் திரும்பி, யாரையோ பார்த்து, வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிற முகம். இரண்டாவது காகிதம் போனது: பின் சீட்டில் நீங்கள், மீசை என்று நீங்கள் நம்பியிருந்த ஏதோ ஒன்றுடன். தாத்தாவின் மோரிஸுக்குப் படம் இருக்கிறதா என்று எத்தனை முறை உங்களைக் கேட்டிருக்கிறேன்! "அதுக்கு ஏதுடா படம்" என்று எத்தனை முறை சொன்னீர்கள்! அலமாரியில் பூட்டி வைத்திருந்து, நான் நாலு பேர் நடுவே நிற்கும் நாள் பார்த்து எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

என் மானம் அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பல் டாக்டர் விடவில்லை. "எல்லாம் சரிம்மா, அந்தப் பின்விளக்கு?" என்று கேட்டார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா ஊர்ல இல்லாதப்போ வண்டிய எடுத்தேன். அச்சாபீஸ் கேட் தூண்ல ரிவர்ஸ்ல விட்டேன். ரெண்டு விளக்கும் போச்சு."

"ஒரே தூண்ல ரெண்டும் எப்படிம்மா போகும்?" என்றார் சைலன்சர்.

"முதல்ல இடது பக்கம் பட்டுது. சரி பண்ணலாம்னு முன்னாடி போய் மறுபடி வந்தேன்."

சிரிக்கிறார்கள் மாமா. என் சங்கம். என் பேச்சைக் குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதியில் கேட்கும் சங்கம்.

"அப்பா வர்றதுக்குள்ள மாத்திடணும்னு நானும் தம்பியும் பார்ட்ஸ் கடைக்கு ஓடினோம். கவுன்டர்ல இருந்தவர் பெட்டியக் குடுத்தார். வந்து பிரிச்சுப் பாத்தா வேற ஏதோ வண்டி விளக்கு. மாத்தப் போனேன். மறுபடியும் வேற. அது என்னவோ ஒரு வேனோடதாம். சரி போகட்டும்னு அதையே மாட்டியாச்சு."

"மூணாவது தடவை போகலியா?"

"போனேன். மாத்தப் போகல. சும்மாத்தான் போனேன்."

சைலன்சர் விசில் அடித்தார். இந்த வயசில். "அந்த மனுஷன் இப்ப எங்கேம்மா?" என்றார். "வீட்டுல குக்கர் வச்சிட்டு விசில் எண்ணிட்டிருப்பார்" என்றாள் அம்மா. "இந்தப் படத்த எடுத்ததும் அவர்தான். அதான் கலங்கலா இருக்கு. கை அப்படி நடுங்குச்சு அவருக்கு." எனக்கு விழுந்த கைதட்டலைவிட இரண்டு மடங்கு விழுந்தது.

"இது எந்த வருஷம்மா?" என்றார் டாக்டர். எண்பத்தாறு என்றாள். கேமராவில் மிச்சம் கிடந்தது கறுப்பு வெள்ளை ஃபிலிம்தானாம். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. "வண்டி ஐம்பத்து நாலுதான் சார், அதுல சந்தேகமே இல்ல" என்றேன். "வண்டி ஐம்பத்து நாலுதான் தம்பி. அன்னிலேருந்து அசையாம நிக்குமா அது? முப்பது வருஷம் ஓடாதா? இடிக்காதா? விளக்கு மாத்த மாட்டாங்களா?" என்றார். அப்போதுதான் அந்த அறைக்கே உறைத்தது. இத்தனை காலமாக ஒவ்வொரு படத்துக்கும், வண்டி செய்த வருஷத்தையே படம் எடுத்த வருஷமாகவும் கீழே எழுதி வந்திருக்கிறோம், ஏதோ எல்லாக் கார்களும் ஃபாக்டரி வாசலில் இறங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொண்டு செத்துப்போன மாதிரி. எல்லாவற்றையும் திருத்த வேண்டுமாம். திருத்தும் வேலையை ஏகமனதாக எனக்குக் கொடுத்தார்கள்.

கீழே இறங்கினோம். டயர் கடை வாசலில் அத்தனை பேரும் வழியனுப்ப நிற்கிறார்கள். என்னையல்ல. அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். சாவிக்கு. நீங்களே சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தில் நான் என்ன கிராஃப் வரைந்து காட்ட முடியும்? கொடுத்துவிட்டேன். பல் டாக்டர் "நானும் அந்தப் பக்கம்தாம்மா" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பொய், அவர் வீடு நேர் எதிர்த்திசை. சைலன்சரும் அவர் மனைவியும் பின்னால் ஏறினார்கள். நடுவில் நான், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க, என் சொந்த வண்டியில். சென்சார் கத்தியது.

"இது என்னடா பூச்சி மாதிரி கத்துது?"

"பின்னால எவ்வளவு தூரம் இருக்குன்னு சொல்லுதும்மா."

"திரும்பிப் பாத்தா தெரியாதா?" அதை அணைத்தாள். பிறகு, "எல்லாரும் மூச்சப் பிடிங்க" என்றாள். பிடித்தோம். பிரசிடென்ட் உட்பட. இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து வண்டி பின்னால் வந்து, வளைந்து, ரோட்டில் நேராக நின்றது. "விடலாம்" என்றாள். விட்டோம். வீடு வரும் வரை அவள் பிரேக் போட்ட விதத்தில், பிரேக் பிரிவு இஞ்சினியர் என்ற முறையில், நான் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அதை நீங்கள் அவளிடம் சொல்லவும் கூடாது.

அன்றிலிருந்து சாவி அவள் கைப்பையில். சீட்டை முன்னால் தள்ளிவிட்டாள், கண்ணாடியைத் திருப்பிவிட்டாள். தினமும் சாயந்திரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாள். எங்கே என்றால் "சும்மா" என்கிறாள். எந்தக் காரியமும் இல்லாமல் போய், எந்தப் பொருளும் வாங்காமல் வருகிறார்கள்! இரண்டு பேர் முகத்தையும் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் "வண்டி அம்மாவோடதா தம்பி?" என்று கேட்கிறார்.

அப்பாவிடம் நியாயம் கேட்டேன். உங்களுக்குத் தெரியாததல்ல, பிஸ்கட் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை படிக்கிற மனுஷன். பல்பு வாங்கினால் கடையிலேயே மாட்டி எரியவைத்துப் பார்க்கிறவர். நம்பர் பார்க்காமல் எதையும் கொடுக்காதே, எதையும் வாங்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். நான் இஞ்சினியர் ஆனதே அந்த வார்த்தையால்தான். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க தப்பான விளக்கக் குடுத்தீங்களா?"

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "முதல் தடவை தெரியாமக் குடுத்தேன்பா."

"ரெண்டாவது தடவை?"

பேப்பர் ஏறியது. "ரெண்டாவது தடவை நம்பர் பாத்துத்தான் குடுத்தேன்."

இது என்ன குடும்பம் மாமா? கேட்கிறேன், கவுன்டரில் நிற்பவனுக்குக் கண் எங்கே இருக்க வேண்டும்? பார்ட்ஸ் மேல். எதிரே யார் வந்து நின்றால் என்ன? சரி, அவர்தான் பார்க்கவில்லை. வாங்கின அம்மாவும் நீங்களும் பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா? மேலேயே எழுதியிருக்குமே! என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கண்ணைக் கட்டி ஒரு விளக்கைக் கையில் கொடுங்கள், தடவிப் பார்த்தே எந்த வண்டி என்று சொல்கிறேன். படித்தவன் எவனாவது பின்விளக்கைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வீடு வரை வருவானா? நீங்கள் மூன்று பேரும் அன்றைக்குப் பொறுப்பாக ஒரே ஒரு நம்பரைப் பார்த்திருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது, நானும் பிறந்து இந்த அவமானத்தை... சரி, அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. வாதம் வேறு பக்கம் போகிறது.

முடிவாகச் சொல்கிறேன். எனக்குச் சாவி வேண்டும். அதுவும் கௌரவமாக; நான் கேட்டு அவள் தருவதாக இருக்கக்கூடாது. அவளாகவே தர வேண்டும், அதை நீங்கள் செய்துமுடிக்க வேண்டும். வண்டியைப் பின்னால் எடுப்பது விளையாட்டு இல்லை, அதற்குப் பயிற்சி வேண்டும், நிதானம் வேண்டும், அளவு தெரிய வேண்டும். எங்கள் வாசல் கேட் தூண் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள் அந்தத் தூணில் விளக்கு நொறுங்கப் போகிறது. அன்றைக்கு நான் ஒன்றும் பேச மாட்டேன், இந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டுவேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அவர் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். வீட்டில் சின்னவர்களுக்கு என் அன்பு. உங்களுக்கும் வணக்கம்தான், பெரியவர் ஆகிவிட்டீர்கள், வேறு வழியில்லை. நீங்கள் நூறாண்டு நலமாக இருந்து, அந்தக் காலம் முழுவதும் நீங்கள் ஏறும் பஸ்ஸில் எல்லாம் நின்றுகொண்டே போகக் கடவீர்கள்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டியாகிவிட்டது, இப்போது பிரித்து எழுதுகிறேன். ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான்.

இந்தக் கடிதத்தைக் கடைசித் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்ற வேகத்தில், கௌரவம் பார்த்து ஒரு வாரமாக நான் தொடாமல் வைத்திருந்த இன்னொரு சாவியை மேசை டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டு, அம்மா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து வண்டியை எடுத்தேன். பின்னால் வந்தேன். கேட் தூணில் இடது பின்விளக்கு போய்விட்டது. சென்சாரை அம்மா அணைத்து வைத்திருந்தாள், அது ஒரு காரணம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அது இன்னொரு காரணம். வலது விளக்கு நன்றாக இருக்கிறது; நான் சரி பண்ணப் போகவில்லை.

யாருக்கும் தெரிவதற்குள் மாற்றிவிடலாம் என்று பஸ்ஸைப் பிடித்துப் பார்ட்ஸ் கடைக்குப் போய், விளக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் உள்ளே வேறு ஏதோ மாடலின் விளக்கு. பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கடையில் அதை ஐந்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

அப்பா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரை இரண்டு தரம் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கவுன்டர்ல யாருப்பா இருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையை எடுத்து, "கெளம்பு, மாத்திட்டு வந்துடலாம். ரிவர்ஸ் நான் எடுக்கறேன்" என்றாள்.

ஆகவே மாமா, மேலே சாவி சம்பந்தமாக எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். அது அவளிடமே இருக்கட்டும். ஃபிராடு என்று எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும். வாசலில் அம்மா ஹாரன் அடிக்கிறாள், ஐந்து நிமிஷமாக. சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.